ஜீப்புக்கு முன்னால் காலி டின் வரிசை

18-4-96, வியாழன்

சீமெண்ணெய் இல்லாமல் அம்மா இன்றைக்கும் ஈரத் தென்னமட்டையை ஊதி ஊதித்தான் சமைத்தாள். சாயங்காலம் ஓட்டுக் கேட்டு ஜீப்பில் வந்த வேட்பாளர், "ஜெயிச்சா ஊட்டுக்கு ஊடு பாதி விலைல சீமெண்ணெய்!" என்றார். போன தேர்தலிலும் இதே வாய், இதே பேச்சு.

ரேஷன் கடையில் இடம் பிடிக்கிற மாதிரி, எங்கள் தெருவில் எல்லார் வீட்டுக் காலிச் சீமெண்ணெய் டின்களையும் ஜீப்புக்கு முன்னால் வரிசையாக வைத்துப்போட்டேன்.

"ஏங் கண்ணு, என்ன இது?"

"க்யூங்க. போன எலக்‌ஷன்ல இருந்து நிக்குதுங்க."

தெருவே சிரித்தது. அவருடைய ஆள் ஒருத்தன் எங்கள் டின்னை உதைத்து நசுக்கிவிட்டான். வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், நல்லவேளை, ஒழுகவில்லை.

"அவங்க ஊடு தேடி வந்தா என்றா பண்ணுவே?" என்று அம்மா திட்டினாள்.

வரட்டும். சனிக்கிழமை மறுபடி ஓட்டுக் கேட்க வருகிறாராம். நசுங்கின டின்தான் முதலில் நிற்கும்.