அப்பாவின் உத்தியோகம்

மந்தாரக்குப்பம்
2.9.2014

அன்புள்ள தம்பி துரைராஜுக்கு,

அக்கா செந்தாமரை எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் பிள்ளைகளும் சுகம். நீயும் உன் வீட்டாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

அப்பாவின் அடக்கத்தைப் பற்றி போனில் முழுதும் சொல்லவில்லை. ஆகஸ்டு 19 காலை ஆறு மணிக்கு மூச்சு நின்றது. உன்னால் வர முடியாது என்றதால் மறுநாள் மாலை நான்கு மணிக்கு எடுத்தோம். முதல் ஷிப்டு முடித்தவர்கள் நாற்பது பேர், கரி படிந்த சட்டையோடு நேராக வந்திருந்தார்கள்.

ஆயர் கருணாகரன் வழக்கம்போல வாழ்க்கைக் குறிப்பு வாசித்தார். நான் எழுதிக் கொடுக்கும் நிலையில் இல்லை. அதனால் நீ பேராயரானபோது அமெரிக்காவில் அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்து அவரே எழுதிக்கொண்டார். “நெய்வேலிச் சுரங்கத்தில் பொறியாளராகப் பணியாற்றிய அய்யாசாமி” என்று வாசித்தார்.

கொளஞ்சிநாதன் மாமா இருபத்தொன்பது வருஷம் அப்பாவோடு கான்ட்ராக்ட் கூலியாகச் சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்தியதை அள்ளியவர். எழுந்து என்னிடம் வந்து, “ஏம்மா, பொட்டியில இருக்கறது நம்ம அய்யாசாமிதான? வேற யாருக்கோ அழுதுகினு இருக்கமா?” என்று கேட்டார். ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். மண் போட மட்டும் வந்தார்கள்.

ஆயர் மேல் குற்றமில்லை. அச்சில் இருந்ததைத்தான் வாசித்தார்.

அந்தப் புத்தகம் ஜூனில் வந்தபோது அப்பா என்னை வாசிக்கச் சொன்னார். நீ பெங்களூரில் இறையியல் படித்தது, அமெரிக்காவில் முதல் சபையில் பதினோரு பேருக்கு ஆராதனை நடத்தியது, எல்லாம் தமிழில் சொன்னேன். ஆப்பிள் தோட்டத்தில் மெக்சிக்கோக் கூலிக்காரர்களோடு நீ தரையில் உட்கார்ந்து சாப்பிடும் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். “அவங்களும் கான்ட்ராக்டா? பர்மனென்ட் பண்ணுவாங்களா?” என்று கேட்டார். கடைசியில், “என்னப் பத்தி எதனா போட்டுக்கிறானா?” என்றார். பொறியாளர் என்றிருந்ததை மறைத்து, உழைப்பாளியின் மகன் என்று போட்டிருப்பதாகச் சொன்னேன். அதை அவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

நீ ஏன் அப்படி எழுதினாய் என்பது எனக்குப் புரியாமலில்லை. நம் நாட்டுக்காரர்கள் அங்கேயும் இருப்பார்கள். அப்பா என்ன வேலை என்று ஆரம்பித்து, எந்தத் தெரு என்று கேட்டு முடிப்பார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவியிருக்கிறேன். ஆனால் நீ அச்சில் போட்டாயே தம்பி.

அக்டோபரில் நினைவு ஆராதனைக்கு வந்து நீயே பிரசங்கம் செய்வதாக ஆயர் சொன்னார். கொளஞ்சிநாதன் மாமா வீட்டுக்கு மூன்று முறை நடந்தேன். “அவரு பிஷப்பு, நாங்க சட்டையில கரி வச்சிகினு இருக்கறவங்க. எங்களுக்கு அங்க என்னா வேல?” என்றார். மூன்றாம் முறை, “புள்ள வாயால சொல்லட்டும், வர்றோம்” என்றார். முன் பெஞ்சு இரண்டும் அவர்களுக்கு என்று ஆயரிடம் சொல்லிவிட்டேன்.

பிரசங்கம் தொடங்குமுன் அப்பா என்ன வேலை செய்தார் என்று அவர்களைப் பார்த்துச் சொல். முடியாதென்றால் டிக்கெட் போடாதே. ஜெபத்தை ஆயரே நடத்தட்டும்.

கர்த்தர் உன் வாயைத் திறப்பாராக.

உன் அக்கா,
அ. செந்தாமரை