சனிக்கிழமைக்குள் கேட்ட இரங்கல் செய்தி

ஜூலை 8, செவ்வாய்

வயதான பிரபலங்களின் இரங்கல் செய்தியை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வைப்பது எங்கள் பத்திரிகை வழக்கம். அதற்காகத்தான் இன்று எங்கள் நகரின் பென்ரோஸ் பகுதியில் ஒரு கிடங்கில் நாடக ஒத்திகை நடத்திக்கொண்டிருந்த ஹில்டாவைப் பார்த்தேன். ஆஸ்திரியக்காரர், நாவலாசிரியர், இயக்குநர், எண்பத்தொரு வயது. பேட்டி என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

வியன்னா, ஒன்பது நாவல்கள், எழுத்தை விட்டு மேடைக்கு வந்தது, எல்லாம் நிதானமாகச் சொன்னார். கிளம்பும்போது, "நான் செத்த பிறகு போடத்தானே? சனிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள்" என்றார். சிரித்துச் சமாளித்தேன்.

வாசலில் அவருடைய உதவியாளர் மாலதி மறித்தாள். "அண்ணை, மனிசி நேற்றுத் தன்ர பூனையையும் ஆருக்கோ குடுத்திட்டா. மருந்தும் எடுக்கிறேல்லை. உங்களிட்ட என்னவும் சொன்னவவோ?"

"இல்லம்மா, பழைய கதையைத்தான் பேசிட்டிருந்தாங்க."

உண்மையைச் சொன்னால் எதற்காக வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

வீட்டில் உட்கார்ந்து செய்தியை எழுதினேன். இறந்த நாளுக்கு வெற்றிடம் விடுவதுதான் முறை. என் கை சனிக்கிழமை என்று தட்டியிருந்தது. பயந்துபோய் மாலதியை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணை! நான் இப்பவே போறன்" என்றாள்.

ஒரு மணி நேரமாகிறது. அவளிடமிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை.