குளிர்ப்பெட்டியில் மூன்று மொட்டுகள்

ரொக்ஸ்பரோ,
ஜூன் 14, ஞாயிறு

அன்புள்ள டிலக்ஷனுக்கு,

நானும் மாமியும் நலம். கல்கரியில் நேரத்துக்குச் சாப்பிடுவதாகச் சொல்கிறீர்கள். உங்கள் அம்மாவாயிற்றே, மாமி நம்பவில்லை, நான் பாதி நம்புகிறேன்.

வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள், வீட்டை விற்றுவிட்டு இரண்டு பேரும் இங்கே வாருங்கள் என்று நீங்கள் சொல்லி மூன்று கிழமையாகிறது. தொலைபேசியில் நான் "ம்" என்று மட்டும் சொன்னேன். எனக்குப் பேச்சில் வராதது எழுத்தில்தான் வரும். பதிலுக்கு முன் ஒரு செய்தி: பின்வளவுக் கிழங்கு பூத்துவிட்டது.

வேலியோரப் பற்றையை நீங்கள் வெட்டப் போனபோது, மாமி அடியைக் கிண்டிப் பார்த்து, மரவள்ளிபோல வேர் இருக்கிறதென்று தடுத்தாரே, அதேதான். மூன்று வருடமாக மட்டக்களப்பில் செய்ததுபோல மண் அணைத்து வந்தார். ஒருமுறை ஒரு துண்டை அவித்துப் பார்த்தார். கசந்தது. இன்னும் முற்றவில்லை என்று மேலும் இரண்டு வாளி மண் போட்டார். இதை உங்களிடம் சொல்லக்கூடாது என்று எனக்குக் கட்டளை.

நீங்கள் கல்கரிக்குப் போன அந்தச் செப்டெம்பரில், வீடு சத்தமில்லாமல் இருந்ததால், நூலகத்திலிருந்து தோட்டப் புத்தகங்கள் எடுத்துவந்தேன். மூன்று மூன்றாகப் பிரியும் இலை, வசந்தத்தில் சிவப்பாக வரும் முளை, குளிருக்கு முன் அடியோடு பட்டுப்போகும் தண்டு, கிழங்குபோன்ற வேர். எல்லாம் பியோனி என்ற பூச்செடிக்குத்தான் பொருந்தின. அதன் வேரில் இருக்கும் முளைக்கண்கள் இரண்டு அங்குலத்துக்குமேல் புதைந்தால் இலை வருமாம், பூ வராதாம்.

மாமியிடம் சொன்னேன். "புள்ள, மண் அணைக்காட்டி மறுகா எப்படிக் கிழங்கு விழும்? புத்தகம் எழுதினவன் தோட்டம் செஞ்சவனா?" என்று கேட்டார். பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை. அவர் கோயிலுக்குப் போனால் நான் மண்ணை வழித்தெடுப்பேன், நான் வேலைக்குப் போனால் அவர் திரும்பப் போடுவார். கடைசியாக வழித்தது நான். அன்று மாலையே முதல் பனி விழுந்து மூடிவிட்டதால், மாமிக்குத் திரும்பப் போட வழியில்லை.

இந்த மே மாதம் ஏழு மொட்டுகள் வந்தன. எறும்பு மொய்த்ததைக் கண்டு மாமி மஞ்சள்தூளோடு ஓடினார். ஜான்-டலோன் சந்தையில் பூக்கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அஞ்சலீனா வேலிக்கு மேலாகக் கையை ஆட்டித் தடுத்தார்: மொட்டில் கசியும் தேனுக்குத்தான் எறும்பு வருகிறது, விட்டுவிடுங்கள். பிரெஞ்சு தெரியாத மாமிக்கு அந்தக் கை போதும். இந்த இளஞ்சிவப்பு பழைய வீடுகளில் நிறைய உண்டு, இன்ன வகை என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் அஞ்சலீனா.

முதல் பூ சோற்றுக் கோப்பை அளவு. மாமி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "மூணு வருசமா நான்தான் இதை மண்ணுக்குள்ள தாட்டு வெச்சிருக்கன் போல" என்றார். மழையில் தலை சாய்ந்த பூக்களுக்குத் தக்காளிச் செடிக்கு வைக்கும் கம்பிக்கூட்டைக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்ததும் அவர்தான்.

இனி உங்கள் கேள்வி. பியோனியை இடம் மாற்றலாம். செப்டெம்பரில் கிண்டி, பிரித்து, ஆழமில்லாமல் நடவேண்டும். ஆனால் புது இடத்தில் ஒன்றிரண்டு வருடம் பூக்காதாம். என்னையும் மாற்றலாம். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. இங்கே இப்போதுதான் பூக்கத் தொடங்கியிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை வந்து பாருங்கள்.

நீங்கள் வருவதற்குள் செடியில் பூ இருக்காது. அதனால் தொட்டால் பஞ்சுபோல மெத்தென்றிருந்த மூன்று மொட்டுகளை வெட்டி, தாளில் சுற்றி, குளிர்ப்பெட்டியில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் படுக்கவைத்திருக்கிறோம். தண்ணீரில் வைத்தால் விரியும். தாளின்மேல் மாமி உங்களை நினைத்து "கறிக்கு இல்லை, தம்பிக்கு" என்று எழுதியிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மொட்டுகள் மூன்று நான்கு கிழமை தாங்கும் என்றார் அஞ்சலீனா. அதற்குமேல் தாங்காது.

அன்புடன்,
நிலக்ஷி