பெண் கேட்க ஒரு மொழி

11 பிப்ரவரி 1962, ஞாயிறு

பாகல் கொடிக்குப் பந்தல் கட்டி முடித்தேன். மாலையில் கடைத்தெருப் பக்கம் போனபோது பழைய புத்தகக்காரரிடம் ஆங்கில–ஸ்பானிஷ் அகராதி ஒன்று கிடைத்தது. கையடக்கமானது. கப்பல்காரர் யாராவது விட்டுப் போயிருக்கலாம். ‘டி’ (T) எழுத்திலிருந்து கடைசிவரை கரையான் தின்றுவிட்டது. அதனாலென்ன, மீதி இருக்கிறதே என்று வாங்கிக்கொண்டேன்.

மனைவி செல்வாம்பாளிடம் காட்டவில்லை. ஸ்பானிஷ் என்று வாயெடுத்தால் அன்றைக்கு ரசத்தில் உப்பு இருக்காது.

14 பிப்ரவரி

ஏன் வாங்கினேன் என்பதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, ஆதிமூலம். நான் கடலூரில் ஆங்கில வாத்தியாராகக் காலம் தள்ள, அவன் இங்கே புதுச்சேரியில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தான். இப்போது அல்ஜீரியாவில், ஒரான் என்னும் ஊரில் இருக்கிறான். மூன்று வருடத்துக்கு முன் அங்கேயே ஸ்பானிஷ்காரப் பெண் ஒருத்தியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். பெயர் ரெமேடியோஸ். அப்பா இல்லை. அம்மா கொன்சுவேலோ கூடவே இருக்கிறார். கல்யாணம் முடிந்த பிறகுதான் எங்களுக்குச் செய்தி வந்தது.

செல்வாம்பாள் சாதி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை, நிறம்கூடக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “நாம போயி பொண்ணு கேட்டோமா? கேக்காம வந்தவ எப்டிங்க மருமவ ஆவா?” அதன் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

ஒரானில் இப்போது தினமும் குண்டு வெடிக்கிறது. கப்பலில் இடம் கிடைத்ததும் மனைவியையும் மாமியாரையும் இங்கே அனுப்பப் போவதாக எழுதியிருக்கிறான். அம்மா ஏற்றுக்கொள்ளாவிட்டால் இருவரும் ஸ்பெயினில் உறவினர் வீட்டுக்குப் போய்விடுவார்களாம். தானும் அங்கேயே போய்விடுவானாம், பிறகு புதுச்சேரிக்கு வரவே மாட்டானாம்.

சொன்னால் செய்கிறவன். அவன் அம்மாவைப் போல.

கேட்கவில்லை என்பதுதானே குறை? கேட்டுவிட்டால்? ஆனால் அந்த அம்மாவுக்கு ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். பெண்ணுக்குப் பிரெஞ்சும் வரும். வந்தாலும், கல்யாணப் பெண்ணையே நடுவில் நிறுத்திப் பெண் கேட்கிற வழக்கம் எங்கே இருக்கிறது?

20 பிப்ரவரி

இன்று எனக்குக் கிடைத்தது ஒரு சாவிக்கொத்து!

ஆங்கிலத்தில் ‘ஷன்’ என்று முடிவதெல்லாம் ஸ்பானிஷில் ‘சியோன்’. நேஷன் – நாசியோன். செலிப்ரேஷன் – செலெப்ராசியோன். ‘ட்டி’ என்று முடிந்தால் ‘தாத்’. சிட்டி – சியுதாத், டிக்னிட்டி – திக்னிதாத். ஃபேமஸ் என்பது ஃபமோஸோ, ஜெனரஸ் என்பது ஹெனெரோஸோ. ஹாஸ்பிட்டலுக்கும் டாக்டருக்கும் மாற்றமே இல்லை, உச்சரிப்புத்தான் வேறு. நான் எழுதுகிற இந்த டயரிகூட தியாரியோ.

அப்படியானால் ஒரு பாடமும் படிக்காமலே எனக்கு ஆயிரம் ஸ்பானிஷ் சொற்கள் தெரிந்திருக்கின்றன. தெரியும் என்பதுதான் தெரியவில்லை. கரையான் தின்ற பக்கங்களையும் இந்தச் சாவியால் திறக்கலாம். யூனிவர்சிட்டி? உனிவெர்சிதாத். சரியா என்று சொல்ல ஆள் இல்லை. இருக்கட்டும்.

3 மார்ச்

ஸ்கூல் – எஸ்குவேலா. ஸ்டேஷன் – எஸ்தாசியோன். ஸ்பெஷல் – எஸ்பெசியால். மெய்யோடு சேர்ந்து ‘ஸ்’ முன்னே நிற்பது ஸ்பானிஷ் நாக்குக்குப் பிடிக்காது போலும். ஒரு ‘எ’யைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறது.

நம் சனங்கள் இஸ்கூல், இஸ்டேசன் என்பதும் இதே காரியம்தானே? வகுப்பில் இஸ்கூல் என்றவனைப் பார்த்துச் சிரித்த பையன்கள் ஸ்பெயினுக்குப் போனால் அவர்களைப் பார்த்துத்தான் ஊர் சிரிக்கும்.

9 மார்ச்

காத்தவராயன் வந்திருந்தார். மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சு என்றால் உயிர். அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

“இங்லீஷ் வழியா ஸ்பானிஷ் படிக்கிறீரா? பக்கத்து வூட்டுக்குப் போவ திண்டிவனம் சுத்தினு போற மாரி இருக்குது வாத்தியாரே. பிரெஞ்சுதான் அதுக்குக் கூடப்பொறந்தது.”

“எனக்குத் தெரிஞ்ச வழி திண்டிவனம்தானே.”

“அதுவும் சரிதான். ஆனா பஸ்ஸு லேட்டாவும்.”

25 மார்ச்

சாவி எல்லாப் பூட்டுக்கும் சேராது. ரோப் கயிறு என்றால் ரோப்பாவும் கயிறாக வேண்டும். ஆனால் அது துணி. சோப்பா என்பது சோப்பு அல்ல, குடிக்கிற சூப். எக்ஸிட் வெளியேறும் வழி, எக்ஸிதோ என்பதோ வெற்றி. ஒரே சாயலில் இரண்டு பேரைத் தெருவில் பார்த்தால் உறவா என்று விசாரித்துவிட்டுத்தான் கூப்பிட வேண்டும்.

8 ஏப்ரல்

பிடிபட்டேன். பாகற்காய் பறித்துக்கொண்டே முணுமுணுத்ததைச் செல்வாம்பாள் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள்.

“இன்னா மந்திரம் அது?”

சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். கத்துவாள் என்று நினைத்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“மேசைக்கு இன்னா சொல்வாங்க?”

“மேஸா.” நல்லவேளை, ‘டெஸ்க்’ பக்கத்தில் பார்த்திருந்தேன்.

“கால்ல போடற சப்பாத்துக்கு?”

“ஸப்பாத்தோ.”

“இதுக்கா ரெண்டு மாசமா படிக்கிறீங்க? இது எனக்கே தெரியுது.”

இந்தச் சொற்களெல்லாம் போர்த்துகீசியப் பறங்கியர் வந்தபோது கூடவே இறங்கியவை என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. பெயர்களுக்கு அர்த்தம் கேட்டாள். கொன்சுவேலோ, ஆங்கிலத்தில் கன்சோலேஷன், ஆறுதல். ரெமேடியோஸ், ரெமடி, பரிகாரம்.

“ஆறுதல் பெத்த பரிகாரம். நல்லாத்தான் இருக்குது. ஆனா நம்ம வூட்டுக்கு வந்தா லட்சுமின்னுதான் கூப்புடுவேன்.”

வந்தால்! அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்தது. எழுந்து போகும்போது சொன்னாள்: “கேக்கறதா இருந்தா மொறையா கேக்கணும். தட்டோட. அதுவரிக்கும் நம்ம வாசப்படி ஏறக் கூடாது.”

19 மே

ஒரானில் கடைவீதி எரிந்ததாகப் பத்திரிகையில் இருக்கிறது. ஆதிமூலத்திடமிருந்து ஒன்றும் இல்லை.

2 ஜூன்

கப்பலில் இடம் கிடைத்துவிட்டதாம்.

22 ஜூலை

வந்துவிட்டார்கள். வந்தது ஆடியில்! ஆடி மாதத்தில் யார் பெண் கேட்பார்கள்? ஆவணி பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டாள் செல்வாம்பாள். காத்தவராயன் வீட்டு மாடியில் அவர்களைத் தங்க வைத்திருக்கிறோம். சாப்பாடு மட்டும் இங்கிருந்து போகிறது. சமைப்பது இவள்தான். பார்க்கத்தான் மாட்டாளாம்.

ரெமேடியோஸ் உயரம், சிரித்த முகம். “சாப்டீங்களா மாமா?” என்றது. பிள்ளை சொல்லிக் கொடுத்திருக்கிறான். அந்த ஒன்றையே காலையிலும் மாலையிலும் கேட்கிறது.

கொன்சுவேலோ அம்மாள் கறுப்பு உடை, சின்ன உருவம், கூர்மையான கண். நான் யோசித்து வைத்திருந்த ஸ்பானிஷில் பேசினேன். அவர் ஏதோ கேட்டார். ‘ஆமாம்’ சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் கரையான் வயிற்றில். தடுமாறி “அஃபிர்மதீவோ” என்றேன், அஃபர்மேட்டிவ்வை மாற்றி. இருவரும் என்னைத் தந்தி அலுவலகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். பிறகு அந்த அம்மா தன் நெஞ்சைத் தட்டி “ஸீ, ஸீ” என்று சொல்லித் தந்தார்.

10 ஆகஸ்ட்

வாக்கியம் தயாராகிவிட்டது. ‘வேண்டும்’ என்பதற்கான சொல்லும் கரையானிடம் போய்விட்டதால் சொலிசிட் என்பதைப் பிடித்தேன். அகராதியில் சொலிசிதார் இருக்கிறது. மனு போடுவது போல இருக்கிறதோ? பெண் கேட்பதும் மனுதானே.

அம்மணி, தங்கள் அனுமதியுடன், எங்கள் குடும்பம் தங்கள் மகளை எங்கள் மகனுக்குத் திருமணம் செய்யக் கோருகிறது. இவ்வளவுதான். அனுமதி, குடும்பம், திருமணம் மூன்றும் ஆங்கிலத்தின் உறவுக்காரர்கள். மகளும் மகனும் மட்டும் எந்த உறவும் இல்லாதவர்கள்: இஹா, இஹோ. அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

16 ஆகஸ்ட்

ஊரெங்கும் கொடி. இன்றோடு பிரெஞ்சுக்காரர் சட்டப்படியும் ஊரைக் கொடுத்துவிட்டார்கள். காத்தவராயன் மிட்டாய் நீட்டினார்.

“அம்பத்து நாலுலயே குடுத்தாச்சி. நாமளும் எட்டு வருசம் குடித்தனம் பண்ணியாச்சி. பத்திரம் இப்பத்தான் கைக்கு வருது. உம்ம வூட்டுக் கல்யாணம் மாரியே இருக்குது வாத்தியாரே!”

20 ஆகஸ்ட், திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

ஆவணி பிறந்து முதல் நல்ல நாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், பூ, ஒரு பட்டுப்புடவை. செல்வாம்பாள் தட்டை ஏந்தி வந்தாள். முதன்முறையாக அந்த மாடிப்படி ஏறினாள். ரெமேடியோஸைக் கதவுக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டோம்.

நின்றுகொண்டே சொன்னேன். “செஞோரா, கோன் சு பெர்மீஸோ...” ஓர் இடத்திலும் தடுக்கவில்லை. வகுப்பில் முதல்நாள்கூட இவ்வளவு வியர்த்ததில்லை.

கொன்சுவேலோ அம்மாள் சிரிப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தார். செல்வாம்பாளைப் பார்த்தார், நெடுநேரம். பிறகு மெதுவாகப் பேசினார். எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான். மூன்று வருடம். யாரும் தன்னைக் கேட்கவில்லை. ஆதிமூலமும் கேட்கவில்லை. கடைசியாக, “தெங்கோ கே பென்ஸார்.”

பென்ஸார்... பென்சிவ்! யோசிக்க வேண்டும் என்கிறார்.

கதவுக்குப் பின்னாலிருந்து “மமா!” என்று ஒரு கூச்சல். அந்த அம்மா திரும்பவே இல்லை. “உனா செமானா” என்றார். அது எனக்குப் புரியவில்லை. படிக்கட்டிலிருந்து காத்தவராயன் குரல் கொடுத்தார்: “ஒரு வாரம், வாத்தியாரே! பிரெஞ்சுல ஸெமேன்! நான் அப்பவே சொன்னேன்!”

தட்டை வாங்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினோம்.

தெருவில் செல்வாம்பாள் முகம் சிவந்திருந்தது. “இன்னா ராங்கி! கட்டிக் குடுத்து மூணு வருசம் ஆச்சி, இப்ப யோசிக்கணுமாம்!” எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பிள்ளை ஸ்பெயினுக்குப் போவதுபோலவே ஒரு காட்சி கண்ணில் ஓடியது.

சோறு போடும்போது சொன்னாள்: “பொண்ண பெத்தவ, தட்ட நீட்டின ஒடனே வாங்கிடுவாளா? எங்கம்மா ஒங்கள எத்தினி தபா அலைய வச்சாங்க?”



21 ஆகஸ்ட்

கொண்டுபோன தட்டை வீட்டுக்குத் திருப்பி எடுத்து வரக் கூடாதாம். வாங்கப்படாத தட்டில் வாடின வெற்றிலையும் இருக்கக் கூடாதாம். ஆகவே காலையில் புது வெற்றிலையோடு செல்வாம்பாள் மாடி ஏறினாள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாளாம். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

“ஏதாவது பேசினாங்களா?”

“எனக்கு இன்னா அவங்க பாஷை தெரியுமா?”

23 ஆகஸ்ட்

இன்றும் போனாள். வெற்றிலையைத் துடைத்து அடுக்கும்போது அந்த அம்மாவும் துணியை எடுத்துத் துடைத்தாராம். காம்பு கிள்ளுவது எப்படி என்று இவள் காட்டினாளாம். வெயில் ஏறின பிறகுதான் வீடு திரும்பினாள்.

25 ஆகஸ்ட்

முன்னறிவிப்பு இல்லாமல் சம்பந்தியம்மா வந்து நின்றார். வீடு பார்க்க! (சம்பந்தியம்மா என்று கை தானாக எழுதுகிறது.) செல்வாம்பாள் ஈரக்கையோடு ஓடி வந்து மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும் பிள்ளைபோல நின்றாள்.

கிணற்றை எட்டிப் பார்த்தார். அரிசிக் குதிரில் கைவிட்டுப் பார்த்தார். “லா அபிதாசியோன்?” என்றார். ஹாபிடேஷன், அறை! மகளுக்கான அறையைக் கேட்கிறார். காட்டினேன். அண்ணாந்து பார்த்தார். ஓட்டுக்கு நடுவே வானம் தெரிந்தது. விரலை நீட்டி “ப்ரொப்லேமா” என்றார். மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை.

அவர் போன பிறகு செல்வாம்பாள், “நானா இருந்தாலும் அதத்தான் பாத்திருப்பேன். ஏணிய எடுங்க” என்றாள்.

இந்த வயதில் கூரைமேல் ஏறினேன். முழங்காலில் சிராய்ப்பு.

27 ஆகஸ்ட், திங்கள்

வாரம் முடிந்தது. காலையில் சம்பந்தியம்மாவே வந்தார், தட்டோடு. பட்டுப்புடவை அதில் இல்லை, பெண் உடுத்தியிருந்தது. அதன் இடத்தில் ஒரு கறுப்பு லேஸ் துணி, சர்ச்சுக்குப் போகும்போது தலையில் போடுவது, அவர் கல்யாணத்துக்கு நெய்ததாம். சுற்றிலும் ஆரஞ்சுப் பழங்கள். நாம் தட்டு மாற்றுவதை அவருக்கு யார் சொன்னது? செல்வாம்பாளைப் பார்த்தேன். அவள் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கொடுக்கும் முன், “உனா கோந்திசியோன்” என்றார். கண்டிஷன். மகளின் பெயரை மாற்றக் கூடாது. (மாடியில் இவள் லட்சுமி என்று கூப்பிட்டது காதில் விழுந்திருக்க வேண்டும்.) ரெமேடியோஸ், ரெமேடியோஸ்தான்.

நான் சொன்னதும் செல்வாம்பாள் கொஞ்சம் யோசித்தாள். லட்சுமி என்று ஏப்ரலிலேயே முடிவு செய்தவள் ஆயிற்றே.

“பெத்தவ வச்ச பேரு. நான் யாரு மாத்த?” என்று இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள். பிறகு ஆரத்தி கரைக்க உள்ளே போனாள். படியேறும்போது மருமகள், “சாப்டீங்களா அத்தை?” என்றது.

மதியம் என் மேசைக்கு வந்தாள். “ஏங்க, ஆதிமூலத்துக்கு எழுதுங்க. பொண்ணு வூட்டுல சம்மதம் சொல்லிட்டாங்கன்னு. ஐப்பசில கல்யாணத்துக்கு லீவு கேக்கச் சொல்லுங்க.”

அப்படியே எழுதி, தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.