கிட்டே போகாதே என்றவள்

நேற்று உன் வீட்டுக்காரர் திண்டிவனம் வந்து உன் நீள லென்ஸை என் கையில் கொடுத்தார். "உங்ககிட்டதான் தரணும்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கினே இருந்தா" என்றார். வாங்கி வைத்தேன். பையைத் திறக்க மனம் வரவில்லை.

நாம் இருவரும் புதுச்சேரிக் கடையில் நின்ற மத்தியானம் நினைவுக்கு வந்தது. நான் புதுக் கேமரா மேல் ஆசைப்பட்டேன். நீ விடவில்லை. "இன்னா ஸ்டெல்லா, கேமரா பாடி பழசே போதும். லென்ஸ் அறுநூறு எம்.எம். இருக்கணும், தூரத்துலருந்தே எடுக்கலாம். சின்ன லென்ஸ் வாங்கினா கிட்ட போவத் தோணும். கிட்ட போனா குருவி கூட்டையே உட்டுட்டுப் பூடும்." உன் பேச்சைக் கேட்டு, உன்னுடையதைப் போலவே ஒரு லென்ஸ் வாங்கினேன். தோள் கழன்றுவிடும் கனம். ஆனால் கிளியனூர் ஏரிக்கரையில் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து, எங்கோ இருந்த மீன்கொத்தியின் கண்ணில் வானம் தெரிவதைப் பார்த்தபோது, நீ சொன்னது சரியென்று பட்டது.

அதனால்தான் வானூர்ப் பக்கம் ஒரு வேப்பங்கன்றில் மாம்பழச்சிட்டு கூடு கட்டியிருப்பதை உனக்கு மட்டும் சொன்னேன். இலைகளுக்குள் மறைந்த சின்னக் கிண்ணம், இரண்டு குஞ்சுகள். பாதையைத் தாண்டிக் கூட்டருகே போவதில்லை, யாருக்கும் சொல்வதில்லை என்று பேசிக்கொண்டோம்.

அந்த வாரம் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். திரும்பிப் போனபோது கூட்டைச் சுற்றிக் கிளைகளை ஒட்ட வெட்டியிருந்தது. வெயில் நேராக விழுந்து குஞ்சுகள் செத்துக் கிடந்தன. எறும்பு மொய்த்தது. அங்கிருந்தே உனக்குப் போன் செய்து அழுதேன். "எவனோ வேலையத்தவன் பண்ணிட்டான், உடு ஸ்டெல்லா. அழுதுக்கினு நிக்காத" என்று தேற்றினாய்.

பிறகு விழுப்புரத்தில் ஒரு கண்காட்சி. உன் படத்துக்குப் பரிசு என்று கூப்பிட்டாய். பூ வாங்கிக்கொண்டு வந்தேன். சட்டத்துக்குள் வாய் பிளந்த அதே குஞ்சுகள். ஓரத்தில் வெட்டுப்பட்ட கிளையின் வெள்ளை நுனி. கூட்டை ஒட்டி நின்று எடுத்த படம்.

"நீயா?" என்றேன்.

"ரெண்டு எலதான் மறைச்சிக்கினு இருந்துச்சு, ஸ்டெல்லா..."

பூவை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அதன்பின் நீ எத்தனையோ முறை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. நீ நோயில் படுத்ததும் போனதும் பிறர் சொல்லித்தான் தெரியும். சாவுக்கு வந்து ஓரமாக நின்றேன். அழுகை வந்தது, கோபம் போகவில்லை. குஞ்சுகள் செத்ததைக்கூட என்றாவது மன்னித்திருப்பேனோ என்னவோ. போனில் நான் அழ அழக் கேட்டுக்கொண்டிருந்தாயே, அதை மன்னிக்க முடியவில்லை.

இப்போதும் விடியலில் போகிறேன். கூடு கண்ணில் பட்டால் வாய் திறப்பதில்லை. கூட வருகிறவர்களை வேறு பக்கம் அழைத்துப் போய்விடுகிறேன். போன வாரம் ஒரு தையல்சிட்டு இலையைத் தைத்துக்கொண்டிருந்தது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போல இருந்தது. சொல்வதற்கென்று நான் வைத்திருந்தது உன் ஒருத்தியைத்தான்.