றோட்டில் போட்ட குழை

கிண்ணியா,
செப்டெம்பர் 6

அன்பு மகன் அர்ஷாக்குக்கு உம்மா எழுதுவது. அல்லாஹ்வின் சாந்தி உங்கள் மேல் இறங்கட்டும். இங்கே வாப்பாவும் தங்கச்சி சுஹைராவும் நானும் சாப்பிட்டு, தொழுது, நடமாடிக்கொண்டு இருக்கிறோம். சுகமா என்று அதற்கு மேல் கேட்டால் இந்தக் கடுதாசியைக் கடைசி வரை வாசிக்க வேண்டியிருக்கும். நஸ்ரியா மாமியின் மருமகன் வெள்ளிக்கிழமை கோலாலம்பூருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன். போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று யோசிப்பீர்கள். போனில் நான் கதைக்கத் தொடங்கினால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறீர்கள். இதை அழிக்கவும் ஏலாது, பாதியில் வைக்கவும் ஏலாது.

சுஹைராவுக்குச் சோதனை நெருங்குகிறது, பிள்ளை படிக்கிறாள், ஆனால் ஒரே பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாப்பா வேலைக்குப் போவதில்லை. லைசன் பொலிஸில் இருக்கிறது. காலையில் கஞ்சி காய்ச்சித் தரச் சொல்லி, அதைப் போத்தலில் ஊற்றிக்கொண்டு, பஸ் ஏறி ஆசுபத்திரிக்குப் போகிறார். இருபத்தாறு வருஷம் லொறி ஓட்டினவர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அங்கே கிருஷாந்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வருகிறார். கிருஷாந்த் யார் என்று உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். கப்பல்துறையில் இருக்கிறவர், இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன், உங்கள் கம்பெனியின் தானாக ஓடும் லொறி அடித்ததில் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். அந்த லொறியின் சாரதிக் கதிரையில் இருந்தது உங்கள் வாப்பா.

போன கிழமை உங்கள் கம்பெனிப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்ல சேட்டுப் போட்டிருந்தார், மெதுவான பேச்சு. பிஸ்கட் ரின் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார், நான் கொடுத்த தேத்தண்ணியை வாயில் வைக்கவில்லை. ஆசுபத்திரிக்குப் பழக்கூடை கொண்டுபோய்க் கொடுத்ததைப் போனில் படமாகக் காட்டினார். கிருஷாந்தின் முகம் அதில் பாதிதான் இருந்தது, கூடை முழுதாக இருந்தது. நடந்ததை அவர் ஒரு தடவையாவது விபத்து என்று சொல்லவில்லை, சம்பவம், சம்பவம் என்றே சொன்னார். இன்னும் பதினைந்து வருஷத்தில் றோட்டில் சாவே இல்லாமல் போகும் சிஸ்டர், அதுவரைக்கும் இப்படிச் சிலது வரத்தான் செய்யும் என்றார். அந்தச் சிலதில் ஒன்று ஒரு மனிதனின் கால். பிறகு ஒரு கடதாசியை எடுத்து வாப்பாவுக்கு முன்னால் வைத்தார். சாரதி கவனக் குறைவாக இருந்தார், ஒன்றரை செக்கன் பிந்திப் பிரேக் அடித்தார், இது மனிதத் தவறு, லொறியில் பிழை இல்லை என்று எழுதியிருந்தது. பதினெட்டாம் தேதி கோட்டில் வழக்கு வருகிறது, அதற்கு முதல் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் என்றார். அவர் போன பிறகு அந்தக் கதிரையைத் துடைத்தேன், மகன். வீட்டுக்கு வந்த மனிதர் இருந்த கதிரையை நான் துடைத்தது இதுதான் முதல் தடவை. பிஸ்கட் ரின்னைச் சுஹைரா தொடவில்லை. அது இன்னும் அலுமாரிக்கு மேலே உடைக்காமல் இருக்கிறது.

நான் மிசினுக்கு எதிரி இல்லை, அதை நீங்கள் மறக்கக் கூடாது. என் தம்பி சஜீத் ஹபரணைக் காட்டுப் பாதையில் நித்திரை தூங்கி மரத்தில் அடித்து மௌத்தானபோது அவனுக்கு இருபத்தொன்பது வயது. இரண்டு நாளாகக் கண் மூடாமல் ஓடியிருந்தான். நித்திரையே வராத ஒரு சாரதி உலகத்தில் இருக்க ஏலாதா என்று அன்றைக்கு அழுதவள் நான். அதனால்தான் தானாக ஓடும் லொறிகளைப் பற்றி நீங்கள் அனுப்பிய கட்டுரைகளை ஒரு வரி விடாமல் வாசித்தேன், விளங்காத இடங்களை நூலகத்தில் போய்த் தேடினேன். களைப்பில்லை, குடியில்லை, கோபத்தில் முந்துவதில்லை என்று வாசித்தபோது, சஜீத்துக்கு இது பிந்தி வந்துவிட்டதே என்றுதான் நினைத்தேன். அந்த லொறியில் இருக்கிற வேலை வந்தபோது வாப்பா வேண்டாம் என்றார். பிடிக்கக் கூடாத ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏன் இருக்க வேணும் பரீதா, பொம்மையைக் கொண்டு வந்து வைக்கட்டுமே என்றார். நான்தான் மகன் வேலை செய்கிற கம்பெனி என்று சொல்லிச் சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். யார்டில் மற்றச் சாரதிமார் தன்னைப் பார்த்து, அபூதாஹிர் காக்கா, சம்பளம் உங்களுக்கா, நீங்க இருக்கிற கதிரைக்கா எண்டு பகிடி பண்ணுகிறார்கள் என்று வந்து சொல்வார். அந்த லொறிக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள், யாராவது பக்கத்தில் இருந்து கூட்டிக்கொண்டு போனால்தான் வரும் என்று. ஆனால் போகப் போக வாப்பாவுக்கே அது பிடித்துவிட்டது. மாட்டைக் கண்டு நின்றது, கந்தளாய்ப் பக்கம் றோட்டில் நெல் காயப் போட்டிருந்தால் ஓரமாக விலகிப் போனது, மரியாதை தெரிஞ்ச மாப்பிள்ளைதான் என்றார்.

குழைக்கும் நின்றது. அதைத்தான் எழுத வந்தேன். வாகனம் பழுதாகி நடு றோட்டில் நின்றால் பக்கத்து மரத்தில் இலையும் கொப்புமாகக் குழை முறித்துப் பின்னால் போட்டுவிட வேண்டும், வருகிறவன் இலையைக் கண்டதும் முன்னுக்கு ஏதோ நிற்கிறது என்று வேகத்தைக் குறைப்பான். இந்த நாட்டில் லொறி ஓட்டுகிற எவனுக்கும் இதை யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. உங்களுக்கு ஏழு வயதில் வாப்பாவோடு போன இடத்தில் ரயர் வெடித்து, நீங்கள்தான் ஓடிப் போய்க் குழை போட்டீர்கள். பக்கத்திலேயே போட்டுவிட்டு வந்து நின்றீர்களாம், இது காணாது மகன், இன்னும் பின்னுக்குப் போடுங்க, கண்ட உடனே நிக்க லொறி என்ன சைக்கிளா எண்டு வாப்பா திருப்பி அனுப்பினாராம். வீட்டுக்கு வந்து கையில் மரத்தின் பால் ஒட்டியிருந்ததைக் காட்டினீர்கள். எனக்கு மறக்கவில்லை.

பெருநாளைக்குப் பிறகு ஒரு நாள் போனில் சிரித்துச் சிரித்து ஒன்று சொன்னீர்கள். உம்மா, மாப்பிள்ளை நம்மட றோட்டில ஒவ்வொரு குழைக்கும் நிக்குதாம், அதால நேரம் பிந்துதாம், இனிக் குழை, ஓலை எல்லாத்தையும் குப்பை எண்டு போடட்டாம், நேற்று முழுக்க நானூறு படத்துக்குக் குப்பை எண்டு பேர் போட்டன் எண்டீர்கள். திரையில் படத்தைப் பார்த்து இது மாடு, இது மனுஷன், இது குப்பை என்று லொறிக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் உங்கள் வேலை என்று எனக்கு விளங்கப்படுத்தியிருந்தீர்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன், மகன். பிள்ளை சந்தோஷமாகக் கதைக்கிறது என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. இத்தனை வாசிக்கிறவள் என்று பெயர் எடுத்து என்ன பிரயோசனம்.

விபத்து நடந்த அன்றைக்கு, பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கொஞ்ச நேரம் முதல், நல்ல வெளிச்சத்தில், கிருஷாந்தின் ட்ரக்டர் கண்டி றோட்டில் காற்றுப் போய் நின்றது. ஐந்து இடத்தில் குழை போட்டுவிட்டுத்தான் ரயருக்குப் பக்கத்தில் குந்தினார். வாப்பா முதல் குழையைத் தூரத்திலேயே கண்டார். கண்டும் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று உங்கள் கம்பெனிக்கு நல்லாகத் தெரியும். ஸ்டியரிங்கைப் பிடி என்று லொறிக்குள் சிவப்பு லைட் எரியாமல் தொட்டால் அது சாரதியின் பிழை என்று பதிவாகும், அப்படி இரண்டு தரம் தொட்டதற்கு வாப்பாவுக்கு இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது, மூன்றாவதோடு வேலை இல்லை. பெருநாள் வரைக்கும் அது எல்லாக் குழைக்கும் நின்ற லொறி. இதுக்கும் நிக்கும், நிக்கும் எண்டு பார்த்தன் பரீதா என்றார். லொறி குழையை மிதித்துக்கொண்டு போன பிறகுதான் பிரேக்கில் காலை வைத்தார். அதுதான் அந்தக் கடதாசியில் இருக்கிற ஒன்றரை செக்கன். குழையைக் குப்பையாக மாற்றினோம் என்று அந்தக் கதிரைகளில் இருந்த ஒரு மனிதருக்காவது ஒரு வரி எழுதி அனுப்பினார்களா? இல்லை. லொறிக்குச் சொன்னார்கள், மனிதருக்குச் சொல்லவில்லை. வேர்வையே இல்லாமல் ஒரு அறைக்குள் இருந்து ஒருவனின் காலை எடுத்துவிட்டு, பிழையை மட்டும் பஸ்ஸில் நிற்கிற மனிதருக்கு அனுப்புகிறார்கள்.

நானும் ஒரு நாள் ஆசுபத்திரிக்குப் போனேன். கிருஷாந்தின் மனைவி வாப்பாவைப் பார்த்து, நீங்க உள்ளுக்கு இருந்துமா அண்ணை அடிச்சது எண்டு கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டா. கிருஷாந்த்தான் அவவை ஏசினார். பிறகு வாப்பாவிடம், நான் குழை போட்டனான் அண்ணை, ஐஞ்சு இடத்தில எண்ணிப் போட்டனான் என்றார். வாப்பா ஓம், கண்டனான் என்றார். அதற்குக் கிருஷாந்த், இனிக் குழை காணாது அண்ணை, நான் மனுஷன் எண்டு லொறிக்குத் தெரிய றோட்டில அடையாள அட்டையைத்தான் போட வேணும் எண்டு சொல்லிச் சிரித்தார். கால் இல்லாத மனிதர் எங்களைச் சிரிக்க வைக்கப் பார்த்தார்.

இதெல்லாம் நடந்த பிறகு நீங்கள் போன் எடுத்து என்ன சொன்னீர்கள்? வாப்பாவைச் சைன் வைக்கச் சொல்லுங்க உம்மா, அது சும்மா ஒரு ஃபோர்மலிட்டி, ஜெயிலுக்குப் போக விடமாட்டாங்க, என்ட வேலையையும் கொஞ்சம் யோசிங்க எண்டீர்கள். அந்தக் கதையைக் கேட்டுப் போனைத் தூர வைத்துவிட்டு நான் குசினிக்குள் போய் நின்றேன். கம்பெனிப் பெரியவரைப் பற்றி இவ்வளவு எழுதினேன், அவர் அந்நியர், அவரை வெறுக்க எனக்குக் கஷ்டமில்லை. அதே வார்த்தைகள் என் பிள்ளையின் வாயிலிருந்து வருமென்று நான் நினைக்கவில்லை. குழை என்றால் என்ன என்று தெரியாத ஒருவன் அதைக் குப்பை என்று போட்டிருந்தால் அது அறியாமை. நீங்கள் அறியாதவர் இல்லை. மேலே இருந்து சொன்னார்கள் என்பீர்கள், சொல்லியிருப்பார்கள். அது அப்படி இல்லை, அதுக்கு அர்த்தம் இருக்கிறது என்று ஒரு தடவையாவது சொன்னீர்களா? சொல்லியிருந்து அவர்கள் கேட்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், நான் இந்தக் கடுதாசியில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

வாப்பா கையெழுத்து வைக்கவில்லை. ஆனால் வைக்கத்தான் யோசிக்கிறார். என்ட பிரேக் பிந்தினது உண்மைதானே என்கிறார், மகனுக்கு அங்க கரைச்சல் வரக் கூடாது என்கிறார். நானூறு படத்துக்குப் பேர் போட்டது யார் என்று அவருக்குத் தெரியாது. அவரிடம் நான் இதுவரை சொல்லவில்லை, அதை வாயில் வைத்துக்கொண்டு அவருக்குச் சோறு போடுவது எனக்கு எப்படி இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். வாப்பாவுக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள், பிறகு எப்போதிருந்து குழை குப்பையானது, யார் சொல்லி ஆனது என்று எழுதி, கையெழுத்து வைத்து, எங்கள் சட்டத்தரணிக்கு அனுப்புங்கள். பதினைந்தாம் தேதி வரை பார்ப்பேன். வராவிட்டால் நீங்கள் போனில் சொன்னதை நானே பதினெட்டாம் தேதி கோட்டில் எழும்பி நின்று சொல்வேன். நான் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காதவள் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் செய்யமாட்டேன் என்று கணக்குப் போடாதீர்கள்.

வேலை போனால் வீட்டுக்கு வாருங்கள். உங்கள் அறையில் சுஹைராவின் புத்தகங்கள் கிடக்கின்றன, எடுத்துவிடலாம். அங்கே நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தொழுகையை விடாதீர்கள், இருமல் போகாவிட்டால் டொக்டரிடம் காட்டுங்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், உண்மையைச் சொல்லத் தைரியத்தையும் தரட்டும். ஐந்து நேரமும் இதைத்தான் கேட்கிறேன்.

கடுதாசிக்குள்ளே ஒரு வேப்பங்குழை வைத்திருக்கிறேன். நேற்று வாப்பா ஆசுபத்திரியிலிருந்து வரும்போது கையில் கொண்டுவந்தது. வழியில் யாரோ ஒருவரின் வான் பழுதாகி நின்றதாம், பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்க் குழை முறித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தைக் கையில் வைத்திருந்ததையே மறந்து வீடு வரைக்கும் வந்துவிட்டார். உங்களிடம் வந்து சேரும்போது அது காய்ந்து சருகாகியிருக்கும். அதைப் பார்த்து என்ன பெயர் போடுகிறீர்கள் என்று வாப்பாவுக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் பெற்ற உம்மா,
சித்தி பரீதா