வத்தம்

மாசி 12, வெள்ளி

தங்கை கமலாவும் மாப்பிள்ளையும் குழந்தைகளோடு காலை ரயிலில் கடல் பாறை பார்க்கக் கிளம்பினார்கள். திட்டம் என்னுடையது. எங்கள் தோல் கிடங்குக்கு உப்பு கொண்டுவரும் மரக்காணத்து வியாபாரி, "வத்தத்துல பாறைக்கு நடந்தே போலாம்" என்று போன மாதம் சொன்னார். அதை நம்பி, பாறையிலேயே சாப்பிட்டுத் தூங்கி, வெயில் தாழத் திரும்பும்படி எழுதிக் கொடுத்தேன்.

இன்று அவரிடமே பெருமையடித்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அய்யோ சாமி! வத்தம்னா வத்திப் போறதில்ல. எறங்குன தண்ணி மத்தியானத்துக்குள்ள திரும்ப ஏறிடும். பாறையச் சுத்திக்கும்."

எனக்குத் தெரிந்தது பாலாறுதான். வற்றினால் அடுத்த மழை வரை மணல்.

தந்தி ஆபீசுக்கு ஓடினேன். "விலாசம் இன்னா?" என்றார் குமாஸ்தா. அவர்கள் இன்றிரவு தங்குவது ஏதோ ஒரு சத்திரம். அதற்குமேல் எனக்கே தெரியாது. படிவத்தைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்த ரயில் நாளைக் காலைதான்; அவர்களும் நாளைக் காலையே பாறைக்குப் போவார்கள். ரயில் ஏறும்போதுகூடக் கமலா கேட்டாள், "தண்ணி திரும்ப வந்துடாதாண்ணா?"

"வராது. நான் எழுதினபடி செய், போதும்."

என் பேச்சை அவள் ஒருநாளும் மீறியதில்லை.